இழுவைப்படகின் உந்துவிசை: பெரியதும் சிறியதும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மலையும் இறப்பர் மரமும் சூழ்ந்த ருவான்வெல்லையில் நின்று துறைமுகப் படகைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவலாம். நம் குருகொட ஓயாவின் நீர் களனி கங்கையிற் கலந்து கொழும்புக்கு வடக்கே கடலை அடைகின்றது. நம் பெற்றோர் வெட்டும் பாலும் பறிக்கும் கொழுந்தும் கொழும்புத் துறைமுகத்தின் வழியாகவே உலகுக்குச் செல்கின்றன. அங்கு வரும் கப்பல்களிற் சில 400 மீற்றர் நீளமானவை. அவற்றைத் துறை சேர்ப்பவையோ, ஏறக்குறைய 30 மீற்றர் நீளமே உள்ள இழுவைப்படகுகள்.

இவ்வளவு பெரிய கப்பலுக்கு இச்சிறு படகின் துணை எதற்கு? நீர் விரைந்து ஓடி மோதினால்தான் சுக்கான் கப்பலைத் திருப்பும். துறைமுகத்தில் கப்பல் மெல்ல நகரும்போது சுக்கான் வலுவிழந்துவிடும். நம் மாரியம்மன் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வடம் இழுப்பவர் இருந்தாற் போதுமா? வளைவிலே கட்டை போட்டுத் திருப்புபவர் வேண்டும். சரிவிலே பின்வடம் பிடித்து நிறுத்துபவர் வேண்டும். இம்மூன்று வேலையையும் கப்பலுக்குச் செய்வது இழுவைப்படகு. ஆகவே, அதன் சிறப்பை ஓடும் வேகத்தைக் கொண்டு அளப்பதில்லை. கரையிலுள்ள கட்டுத்தறியில் வடத்தைப் பூட்டி, முழுவிசையுடன் இழுத்து, எத்தனை தொன் இழுக்கிறது என்றே அளக்கிறார்கள்.

அந்த இழுப்பின் பெறுமதியை நம் நாடு 2020இல் கண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, சங்கமன்கண்டிக்கு அப்பாற் கடலில், ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற 'நியூ டயமண்ட்' கப்பலில் தீ மூண்டது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கரையை நோக்கி மிதந்துவந்த அக்கப்பலை வடம் பூட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றது இழுவைப்படகு. எண்ணெய் கரையில் ஒதுங்கியிருந்தால் கிழக்குக் கரையின் மீனவர் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி, இப்படகுகளின் உந்துமுறைகளைப் பார்ப்போம். 1803இல் ஸ்கொட்லாந்திலே, வில்லியம் சைமிங்டன் அமைத்த 'சார்லட் டண்டாஸ்' என்னும் நீராவிப்படகு, தலா 70 தொன் கொண்ட இரு பாரப்படகுகளைக் கால்வாய் வழியே இழுத்துச் சென்றது. அதை உந்தியது துடுப்புச் சக்கரம். பின்வந்த படகுகளில் இரு பக்கமும் சக்கரங்கள் அமைந்தன. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்றினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். இக்குணத்தை விரும்பியே பிரித்தானியக் கடற்படை 1957இலும் 1958இலும்கூட ஏழு சக்கரப் படகுகளைக் கட்டுவித்தது.

அடுத்தது, நீருக்குள் சுழலும் விசிறி. 1845இல் விசிறி பூட்டிய 'ரட்லர்' கப்பலையும் சக்கரம் பூட்டிய 'அலெக்டோ' கப்பலையும் பின்புறமாகக் கட்டி இழுக்கவிட்டார்கள். விசிறிக் கப்பலே வென்றது. பின்னர் லுட்விக் கோர்ட் என்னும் ஜெர்மானியர், விசிறியைச் சுற்றி ஒரு வளையக் குழாயை அமைத்தார். மெதுவாக நகரும் வேளையில் இக்குழாய் இழுப்பைக் கணிசமாகக் கூட்டும்.

ஆயினும் ஒரு பேராபத்து எஞ்சியிருந்தது. பழைய படகுகளில் விசிறி பின்னால் இருக்கும். வடம் பூட்டும் கொக்கி நடுவில் இருக்கும். கப்பல் படகை முந்திக்கொண்டால், வடம் படகைப் பக்கவாட்டில் இழுத்துச் சில கணங்களிற் கவிழ்த்துவிடும். இவ்விதம் மாண்ட மாலுமிகள் பலர். இதற்கு மருந்தாக வந்தவை இரு முறைகள். ஒன்று, ஆஸ்திரியரான ஏர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920களில் கண்டறிந்த வொய்த்-ஷ்னைடர் முறை. படகின் அடியில் ஒரு வட்டத் தட்டு சுழலும். அதிலிருந்து நேர்கீழாகத் தொங்கும் தகடுகள், சுற்றும்போதே தம் கோணத்தை மாற்றி, வேண்டிய திசையில் உந்தும். மற்றையது, 1950இல் ஜோசப் பெக்கர் அமைத்த, முழு வட்டமும் திரும்பக்கூடிய விசிறி. இவற்றைக் கொண்ட படகுகளில் உந்துவிசை ஒரு முனையிலும் வடம் மறுமுனைப் பக்கத்திலும் அமைவதாற் கவிழும் அபாயம் வெகுவாகக் குறைந்தது.

இனி, மாதிரிப் படகுக்கு வருவோம். 30 மீற்றர் படகை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 1.2 மீற்றர். ஆனால் நிறை இருபத்தைந்தில் ஒரு பங்கு அன்று! நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 15,625இல் ஒரு பங்காகும். 600 தொன் படகு 38 கிலோவாகும். 60 தொன் இழுப்பு 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு. இது வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் வகுத்த விதி. வலுவோ 78,125இல் ஒரு பங்கு. 4,000 கிலோவாட் இயந்திரத்துக்கு ஈடாக வேண்டுவது ஏறக்குறைய 51 வாட் மட்டுமே! பெரிய மோட்டரைப் பூட்டிச் சீறிப்பாயவிட்டால் அது பந்தயப்படகு ஆகுமேயன்றி இழுவைப்படகு ஆகாது.

மாதிரி நமக்கு உண்மையாகக் கற்பிப்பது எது, கற்பிக்காதது எது என்று பகுத்தறிவதே முக்கியம். படகைச் சிறிதாக்கலாம், தண்ணீரைச் சிறிதாக்க இயலாது. அதன் பசைத்தன்மை சிறு விசிறியைப் பெரிதும் தடுக்கும். குழாய்க்கும் விசிறிக்கும் இடையேயுள்ள வெளியும் ஒப்பளவில் அதிகமாகிவிடும். எனவே கோர்ட்டின் குழாய் பெரிய படகிலே தரும் நன்மையைச் சிறு படகில் முழுமையாகக் காணமுடியாது. வொய்த் முறையை மாதிரியிலும் அமைக்கலாம். ஆனால் நுண்ணிய உறுப்புகள் பல வேண்டும், செலவும் கூடும். எரிபொருட் சிக்கனத்தை மாதிரியைக் கொண்டு தீர்மானிப்பது தவறாகும்.

ஆனால் திசையையும் வடத்தையும் பற்றிய பாடம் சிறு படகிலும் அப்படியே பொருந்தும். இரண்டு சிறு மோட்டர், இரண்டு விசிறி, ஒரு பற்றரி, தனித்தனி ஆளிகள் போதும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் சுழற்றினால் பழைய சக்கரப்படகின் வித்தை தெரியும். கொக்கியை நடுவிற் பூட்டிப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், படகு சாயும். விசிறிக்கு எதிர்முனையிற் பூட்டி இழுத்துப் பாருங்கள். படகு வடத்தின் திசைக்குத் தானே திரும்பும். மாலுமிகள் உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் ஒரு தண்ணீர்த் தொட்டியில் கற்கலாம்.

இன்னுமொரு வியப்பு. மாதிரிப் படகுகள் நெடுங்காலமாகப் பற்றரியில் ஓடுகின்றன. பெரியவை இப்போதுதான் அவ்வழிக்கு வருகின்றன. 2022இல் நியூசிலாந்தின் ஓக்லாந்துத் துறைமுகத்துக்கு வந்த 'ஸ்பார்க்கி', 70 தொன் இழுக்கும் மின்கல இழுவைப்படகு. சிறியதைப் பெரியது பின்பற்றுவதும் உலகில் உண்டு!

தோழர்களே! நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூட வசதி போதாது என்பது உண்மை. அதனால் விஞ்ஞானம் நமக்கு எட்டாக்கனி என்று எண்ணி, சூத்திரங்களை மனனஞ் செய்து மறந்துவிடுகிறோம். பலகையும் பற்றரியும் தொட்டித் தண்ணீரும் கிடைக்குமிடத்தில் அக்குறையின் ஒரு பகுதியை நாமே தீர்க்கலாம். இந்த ஆண்டு நம் மன்றம் ஒரு மாதிரி இழுவைப்படகையேனும் செய்து, சிறுவர் கையிற் கொடுத்து, கொக்கியை மாற்றி மாற்றிப் பூட்டச் செய்யவேண்டும். ஓயாவில் வேண்டாம்; தொட்டியிலே போதும். கொழும்பு டொக்யார்ட் நிறுவனத்தார் இழுவைப்படகுகளை நம் நாட்டிலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கே வரைபடம் வரையும் கைகளில் நம் தோட்டத்துப் பிள்ளையின் கையும் ஒன்றாக வேண்டாமா?

பெரியோர்களே, பிள்ளை மோட்டரைக் கழற்றிப் பார்க்கும்போது படிப்பைக் கெடுக்கிறான் என்று கடியாதீர்கள். அதுவும் படிப்பே.