மணியை அசைப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்து இளைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு வினா வினாவினார். "ஐயா, வண்டியை ஓட்டிக்கொண்டே கைத்தொலைபேசியிற் பேசும் சாரதியைக் கண்டால் பொலிசாருக்கு அறிவிக்கலாமா? அது கோள் சொல்வதாகாதா?" என்றார். என்னால் உடனே விடை கூற முடியவில்லை. காரணம் யாதெனில், அந்த வினாவை எனக்குள்ளே எழவொட்டாமல் நான் அமுக்கி வைத்திருந்தேன். இன்று அதற்கு விடை கூற முயல்கின்றேன்.

ஒருநாள் மாலை நிறைந்த பஸ்வண்டி ஒன்றிற் சென்றுகொண்டிருந்தேன். பாடசாலைப் பிள்ளைகளும் சந்தைக்குச் சென்று மீளும் பெண்களும் அதில் இருந்தனர். சாரதி எனக்குத் தெரிந்த பிள்ளை. ஒரு கையிற் சுக்கானும் மறுகையிற் கைத்தொலைபேசியுமாக நெடுநேரம் பேசிக்கொண்டே ஓட்டினார். ஒரு சந்தியில் துவிச்சக்கர வண்டியில் வந்த முதியவர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். வண்டிக்குள் எல்லோரும் ஒரு கணம் மூச்சை அடக்கினோம். "நல்லூர்க் கந்தன் காப்பாற்றினான்" என்றார் பக்கத்திலிருந்த அம்மையார். பேச்சு நிற்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. என் தரிப்பிடம் வந்ததும் இறங்கி வீட்டுக்குச் சென்றுவிட்டேன். அன்று யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆயினும், நாம் செய்ய வேண்டியதையும் கந்தன் தலையில் ஏற்றிவிட்டோமே என்னும் நாணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

இது சிறு பிழைதானே என்று சிலர் கருதலாம். கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். வந்த செய்தியைப் பார்க்க 5 விநாடி கண்ணைத் தாழ்த்தினால் 80 மீற்றருக்கு மேல் அவ்வண்டி குருடாக ஓடுகின்றது. தொலைபேசியைப் பயன்படுத்தும் சாரதி விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 4 மடங்கு என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கையிற் பிடியாமற் பேசினாலும் ஆபத்துப் பெரிதும் குறைவதில்லை என்பதும் அதன் முடிவு. பேச்சிலே கலப்பது கை மாத்திரமன்று, மனமும் அல்லவா? நம் இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் வீதி விபத்தினால் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் மாண்டிருக்கின்றனர். அவர்கள் எல்லோரும் இக்காரணத்தால் இறந்தார்கள் என்று நான் கூறவில்லை. எனினும் கவனக்குறைவின் விலை இன்னதென்பதற்கு அத்தொகையே சாட்சி.

இனிக் கோள் என்னும் ஐயத்துக்கு வருவோம். வீதியில் ஓடிய தேரையும் இறந்த கன்றையும் பற்றிய கதையை நாம் எல்லோரும் அறிவோம். சேக்கிழார் பெரிய புராணத்திலே திருவாரூரில் மனுநீதிச் சோழனுக்கு உரியதாக அதைப் பாடினார். மகாவம்சம் அதே போன்ற கதையை அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட எல்லாளனுக்கு உரியதாகச் சொல்கின்றது. இரண்டிலும் தேரோட்டி வந்தவன் இளவரசன். இரண்டிலும் அவன் வேண்டுமென்று கொல்லவில்லை. இரண்டிலும் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் அளித்த தண்டனையை இக்காலத்துக்கு எவரும் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. நாம் கருத வேண்டியது அந்த மணியை. பசு கோள் சொல்லிற்று என்று எவரேனும் கூறியதுண்டா?

கோள் என்பது பிறரைத் தாழ்த்தித் தான் இன்புறுவதற்காக, கேட்க வேண்டாதவரிடம் சொல்வது. முறைப்பாடு என்பது பிறர் உயிரைக் காப்பதற்காக, கேட்க வேண்டியவரிடம், கண்டதைக் கண்டபடி சொல்வது. அன்றியும் ஒரு வேறுபாடு உண்டு. பசு மணியை அசைத்தபோது கன்று இறந்துவிட்டது. நமக்கோ, கன்று உயிரோடிருக்கும்போதே மணியை அசைக்கும் வாய்ப்பு உண்டு. திருவாரூரில் இறைவன் தோன்றிக் கன்றை எழுப்பினான். நம் வீதியில் விழுந்த பிள்ளையை அவ்வாறு எழுப்புவார் யார்?

"சாரதியும் பிள்ளைகுட்டிக்காரன்; வேலை போனால் என் செய்வான்?" என்பது அடுத்த தடை. இரக்கமுள்ளவர் கேட்கும் கேள்வி அது. அதை நான் இகழமாட்டேன். ஆனால் வண்டிக்குள் இருக்கும் ஐம்பது பேருக்கும் பிள்ளைகள் உண்டு. மேலும், இன்று கிடைக்கும் எச்சரிக்கையும் தண்டப்பணமும், நாளை நேரக்கூடிய உயிரிழப்பிலிருந்தும் சிறையிலிருந்தும் அந்தச் சாரதியையே காப்பாற்றும். அவர்மீது உண்மையான அன்புடையவன் வாய் மூடியிருக்கமாட்டான்.

ஆயினும் இதற்கு ஒரு முறை வேண்டும். முதலிற் சொல்லிப் பாருங்கள். "தம்பி, பேசி முடித்துவிட்டு ஓட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று ஒரு பெரியவர் அமைதியாகச் சொன்னால், பெரும்பாலான சாரதிகள் கேட்பர். கேளாவிடின் நடத்துநரிடம் சொல்லுங்கள். அதுவும் பயன்படாவிடின் அறிவிக்கத் தயங்க வேண்டாம். உடனடி ஆபத்தாயின் பொலிசாரின் 119 இருக்கின்றது. பஸ் பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இருக்கின்றது. வீதிக் குற்றங்களைப் பொதுமக்கள் அறிவிப்பதற்கென 2025 ஆம் ஆண்டிற் பொலிசார் ஒரு கைத்தொலைபேசிச் செயலியையும் ஏற்படுத்தினர். வண்டியின் இலக்கம், இடம், நேரம், சென்ற திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகித்ததைச் சொல்லாதீர்கள். பழைய பகையைத் தீர்க்க இதைக் கருவியாக்குபவன் மணிக்கயிற்றைத் தீண்டத் தகுதியற்றவன். படம்பிடித்து முகநூலிற் போட்டு ஊர் சிரிக்கச் செய்வதும் முறைப்பாடு அன்று; கோள் என்னும் சொல் அதற்கே பொருந்தும். நீங்களே வண்டியோட்டிச் செல்கையில், குற்றவாளியைப் படம்பிடிக்கப் போய் நீங்களும் குற்றவாளி ஆகிவிடாதீர்கள்.

வாலிபர்களே, கடைசியாக ஒன்று. அந்தக் கதையிற் குற்றவாளி அரசனின் சொந்த மகன். ஆகவே மணியோசை முதலில் நம் வீட்டிலே கேட்க வேண்டும். தலைக்கவசத்துக்குள் தொலைபேசியைச் செருகிப் பேசிக்கொண்டே மோட்டார் சைக்கிளிற் செல்லும் இளைஞர் நம்முள் இல்லையா? மகன் வண்டியிற் செல்கிறான் என்று தெரிந்தும் "எங்கே நிற்கிறாய்?" என்று திரும்பத் திரும்ப அழைக்கும் பெற்றோர் நம்முள் இல்லையா? மறுமுனையிற் பேசுபவருக்கும் இந்தப் பிழையிற் பங்குண்டு. "ஓட்டிக்கொண்டிருக்கிறாயா? பிறகு பேசுவோம்" என்று வைத்துவிடுவது எத்துணை எளிது!

அன்று என்னிடம் வினவிய இளைஞருக்கு என் விடை இதுவே: அறிவிக்கலாமா என்று கேட்க வேண்டாம், தம்பி, சொல்லியும் கேளாதவிடத்து அறிவித்தே ஆகவேண்டும். நான் அன்று பஸ்ஸிற் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். இனி நானும் செய்வேன் என்று இந்த அவையின் முன் உறுதி கூறுகின்றேன்.

வீதியிற் செல்வோர் யாவரும் நலமே வீடு சேர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.