பின்தோட்டத்தில் குளம்: வாக்களிக்கும் முன்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி பிளாக்குக்குப் பின்னால், காம்பவுண்ட் சுவர் ஓரமாகக் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு சிறு குளம் அமைக்கலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுக்கப் போகிறோம். வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், லிஃப்ட்டிலும் படிக்கட்டிலும் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

எல்லோரும் கேட்டது கொசு. நியாயமான பயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆனால் அது தேடுவது மீனில்லாத, அசையாத, கொஞ்சம் தண்ணீரை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பால்கனியில் கிடக்கும் பெயின்ட் டப்பா. தட்டு காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். நம் ஊரில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் வகைக்குப் பிடித்தது மூடி சரியாக இல்லாத மேல்நிலைத் தொட்டியும் கிணறும்.

மீன் உள்ள குளத்தில் கொசுப்புழு இரையாகிவிடும். கொளத்தூர் சந்தையில் பதினைந்து, இருபது கப்பி மீன் வாங்கினால் போதும், தானாகப் பெருகும். தும்பி வந்து முட்டையிட்டால் அதன் குஞ்சுகளும் தண்ணீருக்குள் புழுவைத்தான் தின்னும். கம்பூசியா மீன் வேண்டாம். அது தவளைக் குஞ்சையும் மற்ற மீன்களின் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். கப்பியும் வெளிநாட்டு மீன்தான். அதிகமாகிவிட்டதென்று ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விடக் கூடாது.

இரண்டாவது கேள்வி குழந்தைகள். இதில் எந்தச் சமரசமும் கூடாது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரே ஆபத்து. நான்கடி உயரத்தில், ஏறக் கால் வைக்க இடமில்லாத கம்பி வேலி வேண்டும். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இரும்பு வலையும் வேண்டும். இவை மூன்றும் முடிந்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். பம்பு வைத்தால் அதன் லைனுக்கு ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

இனி அமைப்பது பற்றி. பத்தடிக்கு ஆறடி, நடுவில் இரண்டடி ஆழம், ஓரம் முழுக்கத் தொட்டிகள் வைக்க ஓரடி ஆழத்தில் ஒரு படி. சுமார் 2,500 லிட்டர் பிடிக்கும். 6,000 லிட்டர் லாரியில் பாதிகூட இல்லை. மாமரத்தடியில் வைக்கலாமே என்றார்கள். வேண்டாம். இலை விழுந்து அழுகும், வேர் ஷீட்டைக் கிழிக்கும், அல்லிக்குத் தேவையான ஐந்தாறு மணி நேர வெயிலும் கிடைக்காது. சம்ப், செப்டிக் டேங்க், கட்டட அஸ்திவாரம் மூன்றிலிருந்தும் தள்ளியே தோண்ட வேண்டும்.

குழியில் இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர், அதற்குமேல் பண்ணைக்குட்டைக்குப் போடும் கனமான ஷீட். நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, ஓரத்துக்கு இரண்டடி சேர்த்தால் ஷீட்டின் நீளம்: 10 + 4 + 2 = 16 அடி. அகலம் அதேபோல் 12 அடி. பெருச்சாளி கடிக்காமல் இருக்க ஓரத்தைக் கடப்பா கல்லால் மூடிப் பூச வேண்டும். மழைக்காலத்தில் வழியும் நீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகும்படி ஒரு குழாய். அது சம்புக்குள் போகவே கூடாது.

மெட்ரோ தண்ணீர் விட்டால் குளோரின் போக இரண்டு நாள் விட்டு மீனை விடுங்கள். முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாகும். பயந்து இறைத்துக் கொட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அல்லி இலை பாதிப் பரப்பை மூடியதும், ஹைட்ரில்லா வேர்விட்டதும் தெளியும். ஆகாயத்தாமரையை மட்டும் உள்ளே விடாதீர்கள். அதன் வேரில் ஒட்டி வளரும் கொசுப்புழுவை மீனால் முழுவதும் பிடிக்க முடியாது.

கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று குடம் தண்ணீர் ஆவியாகும். 2019 கோடையை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு வருடம் வந்தால் என்ன செய்வது? மீனை ஒரு டிரம்முக்கு மாற்றி, வலை கட்டி, குளத்தைக் காயவிடலாம். ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றலாமே என்பார்கள். வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நீர்மட்டம் தினமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அது ஆவியாவதல்ல, கசிவு.

பாம்பு வருமா? தவளையும் எலியும் உள்ள இடத்துக்கு வரலாம். புல்லை ஒட்ட வெட்டி, செங்கல் குவியலை அகற்றினால் தங்காது. வந்தால் அடிக்க வேண்டாம், 101-க்கு அழையுங்கள்.

இன்னொன்று. மீந்த சாதம், பூஜைப் பூ, சதுர்த்தி முடிந்த பிள்ளையார் எதுவும் குளத்துக்குள் போகக் கூடாது. களிமண் பிள்ளையாருக்குத் தனியாக ஒரு டிரம் வைத்துக்கொள்வோம்.

இப்போது என் நிபந்தனை. குளம் தோண்ட மூன்று நாள் போதும். கொசுவின் கணக்கு ஏழு நாள் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை யாராவது அங்கே நின்று பார்த்தே ஆக வேண்டும். மீன் இருக்கிறதா, ஓரத்தில் புழு நெளிகிறதா, கதவு சாத்துகிறதா, அழுகிய இலையை எடுத்தாயிற்றா? அரை மணி நேர வேலை. "வாட்ச்மேன் அண்ணா பார்த்துப்பார்" என்று விட்டால் மூன்றாவது மாதமே அது கொசுத்தொட்டி. அவருக்கு ஏற்கெனவே கேட், மோட்டார், பார்சல் என்று வேலை நிறைய.

பன்னிரண்டு வீடுகள் பெயர் கொடுத்தால், ஒரு வீட்டுக்கு மூன்று மாதத்தில் ஒரு வாரம்தான் முறை வரும். நோட்டீஸ் போர்டில் எஸ்டிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதல் பெயர் என் வீடு. பொதுக்குழுவுக்குள் பன்னிரண்டு பெயர் சேர்ந்தால் தைரியமாக 'வேண்டும்' என்று வாக்களியுங்கள். சேராவிட்டால் நானே 'வேண்டாம்' என்று கை தூக்குவேன்.

எந்த முடிவானாலும் சரி, இன்று வீட்டுக்குப் போனதும் பூந்தொட்டித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.