ரிப்போர்ட் நார்மல், ஆனா வயிறு வலிக்குதே?

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ரெண்டு வருஷமா வயித்து வலி. திங்கட்கிழமை மீட்டிங்னா காலையிலேயே மூணு தடவை பாத்ரூம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாமே நார்மல். ஐ.பி.எஸ்.னு சொல்லி டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதியிருக்கார். கூகுள் பண்ணிப் பார்த்தா அது டிப்ரஷன் மாத்திரை! "அப்போ எல்லாம் என் கற்பனைன்னு சொல்றாரா?"ன்னு கேட்டாங்க. குரல்ல அழுகை தெரிஞ்சது.

கற்பனை இல்லைங்க. பயந்தா "வயித்தைக் கலக்குது"ன்னு நாம சும்மா சொல்றதில்லை. மூளையையும் குடலையும் இணைக்கிற பெரிய நரம்பு வேகஸ். அதில் இருக்கிற இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை உத்தரவு போடுறது கம்மி, வயிறு சொல்றதைக் கேட்கிறதுதான் ஜாஸ்தி. வழக்கமா அந்தச் செய்தியில் பெரும்பகுதி நம்ம கவனத்துக்கே வராது.

ஐ.பி.எஸ். இருக்கிறவங்களுக்கு வருது. 1973ல ரிச்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலுக்குள்ள ஒரு சின்ன பலூனை வெச்சு ஊதிப் பார்த்தார். (கேட்கவே ஒரு மாதிரி இருக்குல்ல? தாங்கிக்கிட்டவங்களுக்கு நன்றி.) பலூன் 60 மில்லி அளவுக்கு விரிஞ்சப்போ, இந்தப் பிரச்சினை இல்லாதவங்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் வலிச்சது. ஐ.பி.எஸ். உள்ளவங்களில் 55 சதவீதம் பேருக்கு வலி. ஒரே பலூன், ஒரே அளவு. குடல்ல புண்ணோ கட்டியோ இல்லை. வலியை உணர்ற சவுண்ட் செட்டிங் மட்டும் ஏறியிருக்கு. கொலோனோஸ்கோபி கேமரா குடலின் உள்சுவரைத்தான் பார்க்கும். இந்த செட்டிங் அதில் தெரியாது.

அந்த சவுண்டைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை. டிப்ரஷனுக்குக் கொடுக்கிறதைவிட ரொம்பக் குறைந்த டோஸ். 2023ல இங்கிலாந்தில் 463 ஐ.பி.எஸ். நோயாளிகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. ராத்திரியில் 10லிருந்து 30 மில்லிகிராம் வரை அமிட்ரிப்டிலின் எடுத்தவங்களுக்கு, வெறும் டம்மி மாத்திரை எடுத்தவங்களைவிட நல்லாவே குறைஞ்சது. வாய் வறட்சி, தூக்கக் கலக்கம் வரலாம், அது உண்மை.

இன்னொண்ணு. "உடம்போட செரட்டோனினில் 90 சதவீதம் குடல்ல இருக்கு, அதனால தயிர் சாப்பிட்டா மூட் சரியாகிடும்"னு ரீல்ஸ் ஓடுது. முதல் பாதி சரி. ஆனா குடல்ல இருக்கிற செரட்டோனின் மூளைக்குள்ள போக முடியாது. தயிர் சாப்பிடுங்க, ருசிக்காக.

மலத்தில் ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புற வயித்துப்போக்கு, இதெல்லாம் இருந்தா கதையே வேற. ஐ.பி.எஸ்.னு நீங்களா முடிவு பண்ணாம உடனே டாக்டரைப் பாருங்க.

தோழி, மாத்திரையைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, "இது எத்தனை மில்லிகிராம், எதுக்காகக் கொடுத்தீங்க?"ன்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டுடுங்க. என்ன சொன்னார்னு எனக்கும் ஒரு வாய்ஸ் நோட் போடுங்க.