கை மெலிந்தால் பழி யார் மேல்?



குடும்ப நலப் பேச்சு என்றால் பிரசவம், தடுப்பூசி பற்றித்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். இன்று நரம்பைப் பற்றிப் பேசுகிறேன். இருபது வயதுப் பிள்ளைக்குக் கை சூம்பினால் ஊரில் என்ன சொல்றாங்க? "மருமகள் வந்த நேரம்", "செய்வினை", "ஆபரேஷன் பண்ணிக்கிட்டான், நரம்பு தளர்ந்துபோச்சு" என்கிறார்கள். இந்தப் பேச்சால் குடும்பங்கள் பிரிகின்றன. ஆகவே உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் முதுகெலும்புக்குள் தண்டுவடம் இருக்கிறது. அதிலுள்ள நரம்பு செல்கள் மதகு மாதிரி. அங்கிருந்து கை கால்களுக்கு ஓடும் நரம்புகள் வாய்க்கால் மாதிரி. தசைதான் வயல். மதகு கெட்டாலும் வாய்க்கால் கெட்டாலும் வயல் காயும், தசை மெலியும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சூடு, வலி ஆகியவற்றை உணர்த்துவதும் கை கால் நரம்புகள்தான். அவை கெட்டால் மரத்துப் போவதும் உண்டு. இயக்க செல்கள் மட்டும் கெட்டால் பலம் குறையும், உணர்ச்சி குறையாது.

மரத்துப் போனால்

பீடி சுட்டது தெரியவில்லையா? அடுப்பில் பட்ட கொப்புளத்தை மறுநாள்தான் பார்த்தீர்களா? தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா? அது தொழுநோயாக இருக்கலாம். சர்க்கரை வியாதியாலும் பாதம் மரத்துப் போகும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். மருந்து ஆரம்பித்தபின் பிறருக்குத் தொற்றும் என்ற பயம் வேண்டாம். தாமதித்தால் விரல் மடங்கிவிடும். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முன்பு சட்டத்தில் இடமிருந்தது. 2019-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

உணர்ச்சி இருந்து, கை மட்டும் மெலிந்தால்

ஜப்பானில் டாக்டர் ஹிராயாமா 1959-ல் இத்தகைய இளைஞர்களைப் பற்றி எழுதினார். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நரம்பியல் நிபுணர் டாக்டர் கௌரி தேவியும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஒரு கையோ ஒரு காலோ மட்டும் மெலியும் நோயை ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் 15 முதல் 25 வயதுக்குள், ஆண்களுக்கே அதிகம் வருகிறது. சட்டைப் பித்தான் போட வராது. குளிரில் விரல் இன்னும் மக்கர் செய்யும். சில வருடங்கள் கூடி, பிறகு பெரும்பாலோருக்கு அப்படியே நின்றுவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. தாம்பத்தியத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் இதனால் தடையில்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

சென்னை டாக்டர்கள் 1970-ல் வேறொரு வகையைப் பற்றி எழுதினார்கள். இளவயதில் கை கால் மெலிவதோடு காதும் மந்தமாகும், முகத் தசையும் தளரும். மெதுவாகவே முற்றும். உலகம் இதை 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே அழைக்கிறது.

நடுத்தர வயதுக்குப் பிறகு வரும் வகை கடுமையானது. தசை துடிக்கும், பேச்சு குழறும், விழுங்கும்போது புரையேறும். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. "குணப்படுத்துகிறேன்" என்பவனிடம் நிலத்தை விற்றுக் கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த சோறாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுங்கள். நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஆகவே அவரைக் கலந்து பேசியே வீட்டுக் காரியங்களை முடிவு செய்யுங்கள்.

பழி வேண்டாம்

ஆண்களுக்கான குடும்ப நல ஆபரேஷனில் விந்துக் குழாயை மட்டுமே கட்டுகிறார்கள். தண்டுவடத்துக்கும் கை நரம்புக்கும் அதனோடு சம்பந்தமே இல்லை. விந்து வீணாவதால் நரம்பு தளர்கிறது என்று லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர் சொல்வதும் பொய். மனைவியின் ராசியாலும் இது வருவதில்லை.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் கோழி இறகால் கையையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடம் தெரிகிறதா? இரண்டு கையும் ஒரே பருமனாக இருக்கிறதா? சந்தேகம் வந்தால் நாளைக்கே டாக்டரிடம் போங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.