ஆட வைக்கும் பேஸ் கிட்டார்

இளையராஜாவின் இசை வாழ்க்கை தொடங்கியது அரசியல் மேடையில். 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவரை ஊரார் ராசய்யா என்று அழைத்தார்கள். அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் பாட்டுக்காரர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்த் தோட்டத் தொழிலாளர்கள் முன்னால் பாடியவர். அந்தக் குழுவில் தம்பி முதலில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். கலையப் பார்க்கும் கூட்டத்தைத் தாளத்தால் உட்கார வைக்கும் வித்தை அங்கேதான் கைவந்தது.

1968-ல் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976-ல் பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி' படத்துக்கு இசை.

அந்தப் படத்தை வைத்து அவரை நாட்டுப்புற இசைக்காரர் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். அவர் பாட்டுக்குக் கால் தானாக ஆடுவது அடியில் ஓடும் பேஸ் கிட்டாரால். அது மெட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்பதில்லை, மெட்டோடு எதிர்ப்பாட்டுப் பாடும். சசிதரனின் பேஸ், புருஷோத்தமனின் டிரம்ஸ், விஜி மேனுவலின் கீபோர்டு என யார் எதை வாசிக்க வேண்டும் என்பது நோட்ஸாக முன்பே எழுதப்பட்டிருக்கும். வாத்தியத்தைத் தொடாமலே முழுவதையும் எழுதி முடிப்பார். 1986-ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் கணினியும் சேர்ந்துகொண்டது. 1991-ல் வந்த 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டில், ஆட்டம் சூடேறிய நேரத்தில் தாளம் அடங்கி அப்பர் தேவாரம் நுழைகிறது. அது முடிந்ததும் ஆட்டம் மறுபடி கிளம்புகிறது. 2002-ல் உலகின் விருப்பப் பாட்டுகளுக்காகப் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் அந்தப் பாட்டு நான்காம் இடம் பெற்றது.

இந்த ஆட்டம் வெளிநாட்டு இசைக்காரர்களையும் எட்டியது. பாரிஸின் ஹவுஸ் என்னும் நடன இசை டி.ஜே.க்கள் பழைய டிஸ்கோ பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதையே சுழல விட்டு, மேலே புதுத் தாளம் கட்டுவார்கள். இளையராஜா பாட்டும் அப்படி வெட்டப்பட்டது. 2003-ல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு எடுத்துக்கொண்டது 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டை. பக்திப் படத்துக்கு இப்படியொரு மறுபிறவி! 2007-ல் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பாடகி எம்.ஐ.ஏ., 'தளபதி'யின் 'காட்டுக் குயிலு' பாட்டை எடுத்தாண்டார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்குப் பிறகு, 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார்.