முதலில் திருப்பிக் கொடு, பிறகு பீடத்துக்கு வா

(யூபிலி விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

யூபிலி, யூபிலி என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் 'யோபேல்' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது அதன் பொருள். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி, அடிமைப்பட்டவனை விடுவித்து, கைமாறிய நிலத்தை உரிய குடும்பத்துக்கே திருப்ப வேண்டும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எந்த நாளில் ஊத வேண்டும்? ஏழாம் மாதம் பத்தாம் நாள். அதுதான் பாவப் பரிகார நாள்! தலைமைக் குரு முதலில் தன் பாவத்துக்காகவும், பிறகு மக்களின் பாவத்துக்காகவும் பலி செலுத்தி, மகா பரிசுத்த தலத்துக்குள் நுழைந்த நாள். கடவுளிடம் மன்னிப்புப் பெறும் நாளிலேயே, அயலானுக்குரியதைத் திருப்பும் கொம்பும் ஒலித்தது.

பலி என்றதும் இரத்தத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் காணிக்கையைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'கொர்பான்'. 'அருகில் வருதல்' என்னும் வேரிலிருந்து பிறந்தது அது. கடவுளுக்குப் பசியில்லை; மனிதன்தான் அவர் அருகில் வர வேண்டியிருக்கிறது. பாவப் பரிகாரத்துக்கு ஆடு கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும் என்கிறது ஐந்தாம் அதிகாரம். குழந்தை இயேசுவை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்தபோது நம் தேவதாயும் சூசையப்பரும் செலுத்தியதும் ஏழைகளின் காணிக்கையே.

ஏழைக்கு இவ்வளவு சலுகை காட்டும் சட்டம் ஓரிடத்தில் மட்டும் சலுகை காட்டவில்லை. பிறன் பொருளை ஏமாற்றியோ பறித்தோ வைத்திருப்பவன், அதை முழுமையாகத் திருப்ப வேண்டும். மேலே ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவன் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகே ஆட்டுக்கடாவைப் பீடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது ஆறாம் அதிகாரத்தின் குற்றப் பரிகாரப் பலி.

நம் ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். ஆடி மாதம் வந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்துதான். கறிச்சோறு உண்டு, நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நமக்கு வந்த மொய்யைத் திரும்பச் செய்யும்போது மேலே கூட்டித்தான் செய்கிறோம். ஆனால் அங்கே கூட்டியது நம் கணக்கில் நின்று ஒருநாள் திரும்பி வரும். லேவியராகமத்தின் ஐந்தில் ஒரு பங்கோ திரும்பி வராது. அது தவறு செய்தவன் தானே ஏற்கும் நஷ்டம். அவன் மனம் வருந்தியதற்கு அதுவே சாட்சி.

மொய் நோட்டில் ஏறாத கடன்களும் உண்டு. என் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் கொல்லையில் மல்லிகை பறித்த ஓர் அம்மாவை, சில்லறை இல்லையென்று "நாளைக்கு வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் பூசையில் காணிக்கைப் பை வந்தது. தாராளமாக நூறு ரூபாய் போட்டேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு வரிசைக்குப் பின்னால் அந்த அம்மா! நான் கடவுளுக்குக் கொடுத்தது யாருடைய பணம்? அன்று மாலையே வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். "பரவாயில்லை சார்" என்று வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. தாம் பரிசுத்தராக இருப்பதுபோல் தம் மக்களும் பரிசுத்தராக இருக்க வேண்டும் என்று ஆண்டவர் அழைக்கும் அதே அதிகாரம்தான் அது. அங்கே பரிசுத்தம் என்பது என்ன? வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டு அறுப்பது, செவிடனைப் பழிக்காதிருப்பது, தராசும் எடைக்கல்லும் நேர்மையாக இருப்பது, அயலானைத் தன்னைப்போல் நேசிப்பது. நம் பூக்கடைத் தராசிலும் பரிசுத்தம் நிறுக்கப்படுகிறது!

கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தது, பலிகள் நின்றன. ஆனாலும் யூத மக்கள் பரிகார நாளை இன்றும் நோன்பிருந்து அனுசரிக்கிறார்கள். அயலானுக்குச் செய்த குற்றத்தை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் போக்காது என்பது அவர்களுடைய பண்டைய ஆசிரியர்களின் போதனை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன நம் ஆண்டவரும் இதையே கற்பித்தார். கல்வாரிப் பலி நம்மை மீட்டது உண்மை. ஆனால் அந்தப் பலியில் பங்குகொள்ளும் கையில் பிறன் பொருள் இருக்கலாமா?

அன்பார்ந்தவர்களே! விழாவுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசாமல் இருக்கலாம். தங்கையின் பங்கு இன்னும் கொடுபடாமல் இருக்கலாம். கொடி ஏறுமுன் அந்த வீட்டுக்கு ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். அந்தக் காலடி ஓசைதான் நம் யூபிலியின் கொம்பொலி.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!