முதியோர் பராமரிப்பு: யார் உழைப்பில், யார் செலவில்?



தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நாள்தோறும் காலையில் பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர். சமையலும் துப்புரவும் மட்டுமல்ல, படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் கழிவகற்றுவதும் அவர்களில் பலருக்கு வேலையாகும். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணியாற்ற, தனித்துவிடப்பட்ட நடுத்தர வர்க்க முதியவர்களின் வாழ்க்கை இப்பெண்களின் கைகளில் தங்கியிருக்கிறது. அதே பகற்பொழுதில் இப்பெண்களின் தாயையோ மாமியாரையோ பார்த்துக்கொள்வது யார்? செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கிப் பொதுக் கழிப்பிடம் சென்றாக வேண்டிய அம்மூதாட்டிக்குக் கைகொடுப்பது யார்? இக்கேள்விக்கு அரசிடம் விடை இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். 2050இல் இவ்வெண்ணிக்கை 34 கோடியைத் தாண்டும் என ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழிலில் உழைத்து ஓய்ந்தவர்கள். தோல் பதனிட்டவர்கள், இட்லி சுமந்து விற்றவர்கள், கட்டடம் எழுப்பியவர்கள். இவர்களுக்கு வருங்கால வைப்புநிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

முதுமையில் அரசின் உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. நடைமுறை என்ன? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 2007இல் அப்பெயர் சூட்டப்பட்டபோது ஒன்றிய அரசு அளித்த மாதம் 200 ரூபாயே இன்றும் தொடர்கிறது. எண்பது வயதைத் தாண்டினால் 500 ரூபாய். மகாராஷ்டிர அரசின் ஷ்ராவண் பாள் திட்டம் மாதம் 1,500 ரூபாய் வழங்குகிறது. ஆனால் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது மாதம் 1,750 ரூபாய். மும்பையில் இவ்வருமானத்தில் உயிர்வாழும் குடும்பம் எது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற முதியோர் தீர்ப்பாயத்தை நாடலாம் என்கிறது அது. கைவிடப்பட்டோருக்கு இவ்வுரிமை தேவைதான். ஆனால் நாட்கூலி பெறும் மகனிடமிருந்து தீர்ப்பாயம் எதைப் பெற்றுத் தரும்? அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற அளவில், 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லங்களை அமைக்கலாம் என்கிறது. பிள்ளைக்குக் கட்டாயம், அரசுக்கோ விருப்பம்! 2024 அக்டோபரில் எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. பக்கவாதத்தால் விழுந்தவர் சயான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்பு அதன் வரம்புக்குள் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது பெண்களின் ஊதியமற்ற உழைப்பு. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் குழந்தைகள், முதியோர் உள்ளிட்ட குடும்பத்தினரைப் பராமரிக்கின்றனர். ஆண்களில் 21 விழுக்காட்டினர் மட்டுமே. இவ்வுழைப்பைப் ‘பண்பாடு’ என்றும் ‘குடும்பப் பாசம்’ என்றும் புகழ்வதால் ஆளும் வர்க்கத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

நிதி எங்கிருந்து வரும் என்று கேட்கப்படும். ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கின. ஜப்பானில் நாற்பது வயது முதல் சந்தா செலுத்தப்படுகிறது, ஏறத்தாழ பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. நிலையான ஊதியமற்ற உழைப்பாளர் பெரும்பான்மையாக உள்ள இந்தியாவில் சந்தாவை மட்டும் நம்பும் முறை அவர்களை வெளியே தள்ளிவிடும். இங்கே வரிப்பணமே அடித்தளமாக வேண்டும். 2019இல் பெருநிறுவன வரி குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அரசே கணக்கிட்டது. முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் அனைவருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2025-26இல் ஒதுக்கப்பட்டதோ 9,652 கோடி. மும்பை மாநகராட்சியின் அவ்வாண்டு பட்ஜெட் 74,427 கோடி. பணம் இருக்கிறது, முன்னுரிமைதான் இல்லை.

வழிகாட்டும் அனுபவங்கள் இந்நாட்டிலேயே உண்டு. கேரளம் 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்து, உள்ளாட்சி நிதியில் செவிலியர் வீடுதேடிச் செல்லும் ஏற்பாட்டை வளர்த்தது. மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டம், சுமைதூக்கும் தொழிலாளருக்கு முத்தரப்பு வாரியத்தை உருவாக்கியது. வணிகர் கூலியையும் அதன்மேல் லெவியையும் வாரியத்தில் செலுத்துகிறார். வாரியம் அதிலிருந்து கூலி, வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை ஆகியவற்றை வழங்குகிறது. பல முதலாளிகளிடம் மாறிமாறி உழைப்பவருக்குச் சமூகப் பாதுகாப்பு இயலாது என்ற வாதத்தை இம்மும்பையின் சந்தைகளிலேயே தொழிலாளர்கள் முறியடித்துள்ளனர். வீட்டுப் பராமரிப்புப் பணியாளருக்கு, அவர்களை அனுப்பிக் கழிவு பெறும் ஏஜென்சிகளிடம் லெவி வசூலிக்கும் இத்தகைய வாரியம் ஏன் கூடாது?

தாராவி மறுமேம்பாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவுவோருக்கே தாராவியில் இலவச வீடு. மேல்தளத்தில் வாழ்வோருக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம். கீழே பெற்றோர், மேலே மகன் குடும்பம் என்று வாழும் வீட்டை இவ்விதி இரண்டாகப் பிளக்கிறது. அண்டை வீட்டார் சோறு கொடுத்து, மருந்துக்கு ஓடி நிலைநிறுத்திவரும் ஆதரவு வலைப்பின்னல் எந்த ஆவணத்திலும் இடம்பெறுவதில்லை. அது அறுந்தால் முதலில் வீழ்வோர் முதியோரே.

எனவே கிளைகள் தத்தம் பகுதியில் தனித்து வாழும் முதியோரையும், வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களையும் கணக்கெடுக்க வேண்டும். வருமான வரம்பற்ற, விலைவாசியோடு உயரும் ஓய்வூதியம், ஒவ்வொரு வார்டிலும் மாநகராட்சி நடத்தும் பகல்நேரப் பராமரிப்பு மையம், வீடுதேடி வரும் செவிலியர், பராமரிப்புப் பணியாளருக்கு லெவி அடிப்படையிலான வாரியம், மேல்தளத்தினர் உள்ளிட்ட அனைவருக்கும் தாராவியிலேயே வீடு ஆகிய கோரிக்கைகளை ஒரே போராட்டத்தில் இணைக்க வேண்டும். மாட்டுங்காவில் தனித்திருக்கும் ஓய்வுபெற்ற எழுத்தரும் அவரைத் தூக்கி அமர்த்தும் தாராவிப் பெண்ணும் இப்போராட்டத்தில் எதிரெதிர் அணியினர் அல்லர். அவ்விருவரையும் ஒரே கோரிக்கை மனுவில் கையெழுத்திடச் செய்வதே இனி ஆற்ற வேண்டிய பணி.